நகரமும் நாட்டுப்புறமும்: ஓர் அமெரிக்க வழக்கு

வரலாற்றில் சில வழக்குகள் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். வேறு சில, தலைமுறைதோறும் புதிய வாதியையும் புதிய பிரதிவாதியையும் பெற்று நடந்துகொண்டே இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருநகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் இடையே நடந்துவரும் வழக்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்நாடு என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவன நியூயார்க்கின் வானளாவும் மாளிகைகளே. அம்மாளிகைகளுக்கு அப்பால் பரந்துகிடக்கும் கோதுமை வயல்களையும் மக்காச்சோள வயல்களையும், அவற்றினிடையே வாழும் மக்களையும் அறிந்தாலன்றி அந்நாட்டு அரசியல் நமக்கு விளங்காது. நெடுங்காலம் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இவ்வழக்கின் வேரை இன்று உங்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

இது நடையுடை பாவனைகளைப் பற்றிய பூசல் என்று கருதுவோர் உண்டு. சமயப்பற்று, மதுப்பழக்கம், கல்வி ஆகியவற்றில் இரு சாராருக்கும் வேற்றுமை இருந்தது உண்மையே. ஆனால் அவ்வேற்றுமைகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது ஒரே வினா. நாட்டின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு உரியது? தலைகளை எண்ணுவதா, நிலத்தை அளப்பதா?

அக்குடியரசு தோன்றிய நாளில் இவ்வினா எழவில்லை. 1790ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முதல் குடிக்கணக்கின்படி நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ 39 இலட்சம். அவர்களுள் நூற்றுக்கு ஐவர் அளவினரே ஊர் நகரங்களில் வாழ்ந்தனர். மிகப் பெரிய நகரமான நியூயார்க்கில் இருந்தவர்கள் 33 ஆயிரம் பேர். சொந்த நிலத்தை உழுது வாழும் குடியானவனே குடியரசின் தூண் என்றார் தாமஸ் ஜெபர்சன். பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நகரக் கூட்டம் அரசியல் உடலில் தோன்றும் புண்ணைப் போன்றது என்பது அவர் கருத்து. அவருடைய எதிராளியான அலெக்சாண்டர் ஹாமில்டனோ தொழிற்சாலையும் வங்கியும் இன்றி நாடு வலிமை பெறாது என்று வாதிட்டார். உழவன் ஒழுக்கம் உடையவன், நகரத்தான் சூதுடையவன் என்ற எண்ணம் அன்றே அம்மக்கள் நெஞ்சில் பதிந்துவிட்டது.

உள்நாட்டுப் போருக்குப் பின்னர் இருப்புப்பாதை மேற்கு நோக்கி நீண்டது. குடியானவன் விளைவித்த தானியம் சிகாகோவின் மாபெரும் களஞ்சியங்களுக்குச் சென்றது. வண்டிக் கூலியையும் களஞ்சிய வாடகையையும் கடன் வட்டியையும் நகரத்தார் நிர்ணயித்தனர். விளைபொருளின் விலையோ ஆண்டுக்காண்டு சரிந்தது. ஆகவே உழவர் ஒன்றுகூடினர். 1867இல் அவர்கள் நிறுவிய கிரேஞ்ச் என்னும் சங்கம் சட்டமன்றங்களில் செல்வாக்குப் பெற்றது. தானியக் களஞ்சியங்களின் கட்டணத்தை அரசு வரையறுக்கலாம் என்று 1877இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

1896இல் இப்பூசல் ஜனாதிபதித் தேர்தலாகவே உருவெடுத்தது. நெப்ராஸ்கா மாநிலத்தவரான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தமது முப்பத்தாறாம் வயதில், சிகாகோ மாநாட்டில் எழுந்து பேசினார். நகரங்களை எரித்துவிட்டாலும் பண்ணைகள் இருந்தால் அவை மீண்டும் எழும், பண்ணைகளை அழித்தாலோ ஒவ்வொரு நகரத்துத் தெருவிலும் புல் முளைக்கும் என்பது அவர் கூறியதன் சாரம். தங்கத்தோடு வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கினால் பணப்புழக்கம் பெருகி உழவரின் கடன்சுமை குறையும் என்று அவர் நம்பினார். ஆனால் கூலி வாங்கிப் பிழைக்கும் நகரத் தொழிலாளிக்கு, பணத்தின் மதிப்புக் குறைந்தால் தன் கூலியின் மதிப்பும் குறையுமே என்ற அச்சம் இருந்தது. பிரையன் தோற்றார். மெக்கின்லி ஜனாதிபதியானார்.

இனி நான் உங்கள் மனத்தில் நிறுத்த விரும்பும் ஆண்டு 1920. அவ்வாண்டின் குடிக்கணக்கு, நகரவாசிகள் பெரும்பான்மையினராகிவிட்டனர் என்பதை முதன்முறையாக அறிவித்தது. ஏறத்தாழ பத்தரைக் கோடி மக்களுள் நூற்றுக்கு ஐம்பத்தொருவர் நகரத்தார். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,500 பேர் வாழும் ஊரும் அக்கணக்கில் நகரமே. எனவே அந்த ஐம்பத்தொருவரும் பெருநகரத்தில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் அந்த எண் நாட்டுப்புறத்தாரின் நெஞ்சைச் சுட்டது. நாமே நாடு என்று எண்ணியிருந்தவர்கள், நாட்டின் ஒரு பகுதியே நாம் என்று அன்று அறிந்தனர்.

குடிக்கணக்கின்படி மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிட வேண்டும் என்பது அந்நாட்டு அரசியற்சட்டத்தின் ஏற்பாடு. 1920க்குப் பின் அப்பங்கீடு நடைபெறவில்லை. கணக்கெடுக்கத் தொடங்கிய நாள் ஜனவரி முதல் நாள், குளிர்காலத்தில் பண்ணையாட்கள் பலர் ஊரில் இல்லை என்று நாட்டுப்புறப் பிரதிநிதிகள் வாதிட்டனர். குடியுரிமை பெறாத வெளிநாட்டாரையும் சேர்த்து எண்ணியது தவறு என்றனர் வேறு சிலர். 1910ஆம் ஆண்டில் 4,66,000 பேர் வாழ்ந்த டெட்ராயிட் நகரம், 1920இல் பத்து இலட்சத்தை நெருங்கிவிட்டது. ஆயினும் காங்கிரசில் பழைய கணக்கே செல்லுபடியாயிற்று. 1929இல் தான் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1930ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு இடங்கள் பங்கிடப்பட்டபோது, பதினோரு இடங்களைப் பெற்றிருந்த கலிபோர்னியா ஒரே தாவலில் இருபது இடங்களைப் பெற்றது. எண்ணிக்கை தங்களுக்குப் பாதகமானபோது எண்ணுவதையே மறுத்தவர்களின் செயலை நான் நியாயமென்று கூறமாட்டேன்.

ஆனால் நகரத்தார் குற்றமற்றவர் என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே பத்தாண்டில், 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்னும் சிற்றூரில் ஒரு விசாரணை நடந்தது. மனிதன் தாழ்ந்த உயிர்களிலிருந்து தோன்றினான் என்று பள்ளியில் கற்பிப்பதை அம்மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. அச்சட்டத்தை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் இளம் ஆசிரியர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. நாம் முன்னே கண்ட பிரையன் அரசுத் தரப்பில் நின்றார். சிகாகோவின் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ ஆசிரியருக்காக வாதாடினார். சிகாகோ வானொலி நிலையமொன்று அவ்விசாரணையை நேரே ஒலிபரப்பியது. ஸ்கோப்சுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பு 1927இல் ஒரு சட்டக் குறைபாட்டின் காரணமாக நீக்கப்பட்டது. பிரையனோ விசாரணை முடிந்த சில நாட்களிலேயே காலமானார்.

அறிவியலைக் கற்பிக்கும் உரிமைக்காக வாதாடியவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மென்கன் போன்ற நகரத்துப் பத்திரிகையாளர்கள் அச்சிற்றூர் மக்களை அறிவிலிகள் என்று எள்ளி நகையாடி எழுதினர். வாதத்தில் தோற்றவன் காலப்போக்கில் மனம் மாறக்கூடும். ஏளனத்துக்கு ஆளானவன் மாறுவது அரிது. பரிணாமத்தைக் கற்பிப்பதற்கு இருந்த அத்தடை 1967 வரை டென்னசிச் சட்டப் புத்தகத்தில் நீடித்தது.

ஏளனம் மட்டுமன்று, புறக்கணிப்பும் இருந்தது. 1930களின் நடுவில் நகரத்து வீடுகளிற் பெரும்பாலானவற்றில் மின்விளக்கு எரிந்தது. பண்ணைகளிலோ பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் கிட்டியது. தொலைவில் இருக்கும் சில வீடுகளுக்காகக் கம்பி இழுப்பது ஆதாயமன்று என்று மின்சாரக் கம்பெனிகள் கருதின. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அரசு கடன் கொடுத்தது. உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே கம்பிகளை இழுத்துக்கொண்டனர். 1950களில் மிகப் பெரும்பாலான பண்ணைகளில் விளக்கெரிந்தது. நகரமும் நாட்டுப்புறமும் பகைத்தே தீரவேண்டியவை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

மாநிலச் சட்டமன்றங்களில் பழைய அநீதி தொடர்ந்தது. அலபாமா மாநிலத்தில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஜெபர்சன் மாவட்டத்துக்கு ஒரு செனட்டர். 15,417 பேர் வாழ்ந்த லௌண்ட்ஸ் மாவட்டத்துக்கும் ஒரு செனட்டர். இத்தகைய வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று 1962இலும், மாநிலச் சட்டமன்றத்தின் இரு சபைகளும் மக்கட்டொகைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று 1964இலும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. உறுப்பினர்கள் மக்களுக்குப் பிரதிநிதிகளேயன்றி மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் பிரதிநிதிகள் அல்லர் என்றார் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன்.

லௌண்ட்ஸைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கு வாழ்ந்தவருள் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பின மக்கள். 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. நாட்டுப்புறத்தின் குரல் என்று சொல்லப்பட்டது, அந்நாட்டுப்புறத்தில் ஒரு சிலரின் குரலே! ஆகவே நாட்டுப்புறம் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்நாட்டுப்புறத்தில் யார் கேட்கிறார் என்று நாம் வினவ வேண்டும். நகரத்தின் பெயரால் பேசுவோரிடமும் அவ்வாறே வினவ வேண்டும்.

வழக்கு இன்றும் முடியவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு எண்பது பேர் நகரப் பகுதியினர். ஆனால் செனட் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள் என்பது 1787இல் செய்துகொண்ட உடன்பாடு. அது சிறு மாநிலங்களை முன்னிட்டுச் செய்யப்பட்டது. இன்று மூன்று கோடியே 95 இலட்சம் மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், ஆறு இலட்சத்துக்கும் குறைந்தவர் வாழும் வையோமிங்குக்கும் அச்சபையில் சம பலம். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். நாட்டுப்புற மாவட்டங்களின் பேராதரவைப் பெற்ற டொனால்ட் டிரம்போ தேர்வாளர் குழுவின் வாக்குகளால் வென்றார். தங்கள் வாக்கு சிறுமைப்படுகிறது என்று நகரத்தார் குமுறுகின்றனர். 1935இல் 68 இலட்சமாக இருந்த பண்ணைகள் 2022இல் 19 இலட்சமாகிவிட்டன. 2010க்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டோ, படுக்கைச் சிகிச்சையை நிறுத்தியோ விட்டன. எங்கள் வாழ்வே அற்றுப்போகிறது என்று நாட்டுப்புறத்தார் குமுறுகின்றனர். இரு குமுறல்களுக்கும் காரணம் உண்டு.

மாணவர்களே, எண்ணிக்கையில் மிக்கவருக்கு ஆளும் உரிமை உண்டு. எண்ணிக்கையில் குறைந்தவரை இகழும் உரிமை அவர்க்கில்லை. எண்ணிக்கையில் குறைந்தவருக்கு மதிப்புடன் கேட்கப்படும் உரிமை உண்டு. கணக்கையே மறுத்து ஆளும் உரிமை அவர்க்கில்லை. இவ்விரு வரம்புகளுள் ஒன்று மீறப்பட்ட போதெல்லாம் அந்நாட்டில் பகை மூண்டது. மின்கம்பி இழுத்த அந்நாட்களைப் போல, ஒரு சாராரின் குறையை மற்றவர் தம் குறையாக எண்ணிய போதெல்லாம் அது தணிந்தது.