சரிகை: பொன்னிலிருந்து மின்னுக்கு

முகூர்த்த நாளில் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போனால் கண்ணில் படுவதெல்லாம் சரிகைதான். மணப்பெண்ணின் முந்தி, மாப்பிள்ளையின் அங்கவஸ்திரம், தாய்மாமன் தோளில் துண்டு. அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கல்யாணப் பட்டு என்றால் காஞ்சிபுரம்தான். ஆனால் அந்தப் பட்டின் உயிரான சொல் காஞ்சியில் பிறந்ததல்ல.

பாரசீகத்தில் 'சர்' என்றால் பொன். 'சரீ' என்றால் பொன்னாலானது. உருதுவழி தெற்கே வந்து தெலுங்கில் 'சரிக', கன்னடத்தில் 'சரிகெ', தமிழில் 'சரிகை'. கன்னட 'மனெ' நமக்கு 'மனை' ஆவதுபோல ஈறு ஐகாரமாகிறது. காஞ்சியின் தறிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசிய நெசவாளர்கள் பலர் இருந்ததை நினைத்தால், சொல் அந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். 'ஜரிகை' என்று எழுதுவோரும் உண்டு. சரி, கை என்று பிரித்துத் தமிழ் வேர் காட்டுவது வீண் வேலை. இன்னும் பின்னே போனால் 'சர்' வடமொழி 'ஹிரண்ய'த்தின் உறவு. பிரகலாதனின் அப்பன் இரணியனும் சரிகையும் ஒரே வேர்!

பெயரில்தான் முழுப்பொன். அசல் சரிகையில் பொன் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. பழைய பட்டில் பிரிந்து தொங்கும் இழை ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். தட்டையான வெள்ளிக் கம்பி சுருள் சுருளாகக் கழன்று வரும். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். பொன் அந்த வெள்ளியின்மேல் ஏற்றிய முலாம் மட்டுமே.

இந்தச் சுற்றலில்தான் சூட்சுமம். தனித் தகடாக இருந்தால் நாலு மடிப்பில் முறிந்துவிடும். நூலின்மேல் சுருளாகச் சுற்றியதால் வளைவைச் சுருள்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இழுவையைப் பட்டு தாங்குகிறது. வெள்ளியோ மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம். பாட்டியின் கூறைப்புடவையில் மின்கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் பேட்டரி மாட்டவில்லை, அவ்வளவுதான்.

மாட்டியவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தார். உடுக்கத்தக்க மின்னணுவியலுக்குத் துணி தேடிய ரேமி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும் 1997-இல் எழுதிய கட்டுரையில் முதலில் பேசுவது, செப்புத் தகடு சுற்றிய பட்டிழையை ஊடாக ஓட்டி இந்தியாவில் வெகுகாலமாக நெய்யும் ஆர்கன்சா துணியைப் பற்றித்தான். சரிகைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

ஆனால் சரிகை வளையும், நீளாது. முழங்கையில் ஒட்டும் உணரிக்கு நீளவும் வேண்டும். 2003-இல் பிரின்ஸ்டனில் ஸ்டெஃபானி லாக்கூர், சிகர்ட் வாக்னர் குழுவினர் சிலிக்கோன் ரப்பர்மீது மெல்லிய படலம் ஒன்றைப் படியவைத்தார்கள். தனியே இழுத்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும் அந்தப் படலம், ரப்பரோடு சேர்ந்தபோது இருபது பங்குவரை நீண்டும் மின்சாரத்தைக் கடத்தியது. படலம் எந்த உலோகம் என்கிறீர்களா? பொன். அதாவது, 'சர்'.

வெள்ளி நுண்கம்பி, காலியம் கலந்த திரவ உலோகம் என்று நீளும் கடத்திகளின் வகைகள் இன்று பெருகிவிட்டன. இவற்றைத் தமிழில் 'நீட்சியுறு உலோகக் கடத்தி' என்று எழுதலாம். யாரும் சொல்ல மாட்டார்கள். 'மின்சரிகை' என்று சொல்லிப் பாருங்கள். பாடநூல் எழுதுவோரும் கலைச்சொல் ஆக்குவோரும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.