சக்கரம் கழன்ற நாள்

1970 ஜூன் 6. அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் விமானப்படைத் தளம். உலகத்திலேயே பெரிய ராணுவச் சரக்கு விமானம் முதன்முதலாகத் தன் படைப்பிரிவிடம் வந்து சேரும் நாள். பெயர் சி-5 கேலக்ஸி. ஓட்டி வந்தவர் சாதாரண விமானி இல்லை, ராணுவ வான்போக்குவரத்துப் பிரிவின் தலைவர் ஜெனரல் ஜாக் கேட்டன். நாடாளுமன்ற ராணுவக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள் எல்லாம் காத்திருக்கிறார்கள்.

விமானம் தரையைத் தொட்டது. தொட்டதுமே ஒரு சக்கரம் கழன்று, ஓடுபாதையில் குதித்துக் குதித்துத் தனியாக ஓடிப்போனது.

யாருக்கும் அடி இல்லை. சி-5க்கு மொத்தம் 28 சக்கரங்கள். ஒன்று போனால் குடிமுழுகிப் போகாது, அதற்காகத்தான் 28. ஆனாலும் அந்தக் காட்சி மறக்கக்கூடியதா என்ன? எங்கள் வேலையில் கஸ்டமர் முன்னால் டெமோ காட்டும்போது திரை வெள்ளையாக நின்றுவிடும் பாருங்கள், அந்த மாதிரி. அதனால்தான் இந்தக் கதையை முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு நிதானமாகப் படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது.

இப்படி ஒரு ராட்சசன் எதற்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். 1960களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையை நடத்தியவர் ராபர்ட் மெக்நமாரா. ஃபோர்டு கார் கம்பெனியிலிருந்து வந்தவர், எதையும் எண்களால் அளந்துவிடலாம் என்று நம்பியவர். உலகம் முழுக்கத் தளங்கள் வைத்துப் படைகளைக் குவித்து வைப்பதைவிட, படைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு சண்டை வரும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் செலவு குறையும் என்பது அன்றைய கணக்கு. அதற்கு டாங்கியையே விழுங்கும் விமானம் வேண்டும். சி-5 அப்படித்தான் வரையப்பட்டது. நீளம் 75 மீட்டர், இறக்கையின் விரிவு 68 மீட்டர். மூக்கு மேலே திறந்துகொள்ளும், வாலும் திறக்கும். லாரி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். சரக்கு ஏற்றும்போது யானை மாதிரி மண்டியிடும். 1903இல் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்த தூரம் 120 அடி. அந்தப் பறத்தலை அப்படியே இதன் சரக்குக்கூடத்துக்குள் நடத்திவிடலாம்.

எஞ்சினும் புதுசு. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டிஎஃப்39. முன்பக்கம் பெரிய விசிறி வைத்து, உள்ளே இழுக்கும் காற்றில் பெரும்பகுதியை எரிக்காமல் சுற்றிவிட்டுப் பின்னால் தள்ளுவது. இன்று நாம் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தின் எஞ்சினும் இதே தத்துவம்தான். நல்ல பொறியியல் இந்த விமானத்தில் ஏராளமாக இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது முட்டாள்களின் கதை இல்லை.

சிக்கல் ஒப்பந்தத்தில் இருந்தது. மெக்நமாராவின் ஆட்கள் 'மொத்தப் பொதி' முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சி, வடிவமைப்பு, உற்பத்தி எல்லாவற்றுக்கும் முதல் நாளே ஒரே விலை. விமானம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே 115 விமானங்களுக்கான விலையைக் கம்பெனி சொல்லிவிட வேண்டும். 1965இல் போயிங், டக்ளஸ், லாக்ஹீட் மூன்றும் போட்டியிட்டன. விமானப்படையின் மதிப்பீட்டுக் குழுவுக்குப் பிடித்தது போயிங்கின் வடிவமைப்பு. ஆனால் லாக்ஹீட் கேட்ட விலைதான் எல்லாவற்றிலும் குறைவு, சுமார் 190 கோடி டாலர். வேலை லாக்ஹீடுக்கே போனது.

அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. லாக்ஹீடின் வடிவமைப்பு, கேட்ட குறுகிய தூரத்துக்குள் ஏறி இறங்காது என்று விமானப்படை சொல்லியது. சில நாட்களுக்குள் இறக்கையைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். விலை மட்டும் ஏறவில்லை! இறக்கை பெரிதானால் எடை கூடும். எடைக்கோ ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. மீறினால் அபராதம். அப்புறம் என்ன செய்வார்கள்? இறக்கையின் உலோகத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டினார்கள்.

1969 ஜூலையில் இறக்கையைச் சோதித்தார்கள். விமானம் தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய அதிகபட்ச சுமையை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இறக்கை 150 சதவீதம் வரை தாங்க வேண்டும். அது விதி. சி-5இன் இறக்கை 128இல் விரிசல் விட்டது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நாங்களும் ஒரு லோட் டெஸ்ட் செய்தோம். இறக்கை இல்லை, பணப் பரிவர்த்தனை சாஃப்ட்வேர். நான்கு மாதம் ஆகும் என்று நான் சொன்னதை ஆறு வாரம் என்று எழுதி விற்றிருந்தார்கள். சோதனையில் கேட்ட சுமையின் முக்கால் பங்கிலேயே சிஸ்டம் படுத்துவிட்டது. மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப அன்பாக, "ஃபெயில்னு போடாதீங்க. கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க" என்றார். 'சில கவனிப்புகளுடன் தேர்ச்சி' என்று எழுதினேன். அது நானே கண்டுபிடித்த வாக்கியம். மாதத்தின் முதல் தேதி, எல்லோருக்கும் சம்பளம் விழும் நாள், சிஸ்டம் படுத்தது. நைட் ஷிப்டில் இருந்த புதுப் பையன் ஒரு பட்டனைத் தாமதமாக அமுக்கினான் என்று அவன் மேல் பழி விழுந்தது. ப்ராஜெக்டிலிருந்து தூக்கினார்கள். அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். கேமராவை ஆஃப் செய்து வைத்திருந்தேன்.

சி-5 கதையில் கேமராவை ஆஃப் செய்யாத ஒரு மனிதர் உண்டு. எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். அலபாமாக்காரர், தொழில்துறைப் பொறியியல் படித்தவர், விமானப்படையில் செலவுக் கணக்கு பார்க்கும் சிவிலியன் அதிகாரி. 1968 நவம்பர் 13 அன்று செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மையரின் குழு அவரை அழைத்துக் கேட்டது: சி-5 திட்டத்தில் செலவு 200 கோடி டாலர் அளவுக்குக் கூடிவிட்டதா? அவர் தெருவில் நின்று கூவவில்லை, பத்திரிகைக்கு ரகசியக் காகிதம் கொடுக்கவில்லை. கேள்வி வந்தது, ஆமாம் அந்த அளவு வரலாம் என்று பதில் சொன்னார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாட்கள் கழித்து அவருக்கு ஒரு தகவல் வந்தது. சமீபத்தில் அவருக்குக் கிடைத்திருந்த நிரந்தரப் பணிப் பாதுகாப்பு ரத்து. காரணம்: கம்ப்யூட்டர் பிழை.

1968! நாட்டில் கம்ப்யூட்டரே எத்தனை இருந்திருக்கும்? அப்போதே மனிதர்கள் செய்த காரியத்துக்கு அது பழி ஏற்கப் பழகிவிட்டது. எங்கள் குலத்தொழிலின் வரலாற்றில் இந்தப் பிழைக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். பெரிய திட்டங்களிலிருந்து அவரை விலக்கி, தாய்லாந்தில் படைவீரர்களுக்குக் கட்டிய பௌலிங் விளையாட்டுக் கூடங்களின் செலவை ஆராயச் சொன்னார்கள். கடைசியில் 'ஆட்குறைப்பு' என்று சொல்லி அவர் பதவியையே ஒழித்தார்கள். 1970 ஜனவரியில் வெளியே வந்தார். வெள்ளை மாளிகை உதவியாளர் ஒருவர் அந்த மாதம் எழுதிய குறிப்பு பின்னாளில் வெளியானது. ஆள் செலவுக் கணக்கில் கில்லாடி, ஆனால் விசுவாசத்துக்கு மார்க் மிகக் குறைவு என்பது அதன் சாரம். நம் ஊர் அப்ரைசல் படிவத்தில் இதை வேறு சொற்களில் பார்த்திருப்பீர்கள்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் விடவில்லை. வழக்குப் போட்டார். 1973இல் அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உள்ளே விட்டாலும் பழைய வேலையைத் தரவில்லை, மறுபடி வழக்கு. அதிபர் நிக்ஸன் மீதே இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. பதவியில் இருந்து செய்த காரியத்துக்காக அதிபர் மேல் இழப்பீடு கோர முடியாது என்ற அந்தத் தீர்ப்பை அமெரிக்காவில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு சரக்கு விமானத்தின் பில்லில் தொடங்கி அரசியல் சாசனத்தில் போய் நின்ற கதை. 1982இலேயே வேறொரு நீதிமன்ற ஏற்பாட்டின்படி அவருக்குப் பழைய பொறுப்பு திரும்பக் கிடைத்தது. நடுவில் போனது பதின்மூன்று வருடம்.

விமானம் என்ன ஆனது? சுமை குறைத்துத்தான் பறக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். 115 வாங்க நினைத்தது 81ஆகச் சுருங்கியது. ஆனால் 1973 அரபு-இஸ்ரேல் போரில், இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் அனுப்பிய 567 பயணங்களில் 145 மட்டுமே சி-5 செய்தவை. சரக்கில் கிட்டத்தட்டப் பாதியைத் தூக்கியது அதுதான். மெக்நமாராவின் ஆட்கள் போட்ட கணக்கு முழுப் பொய் இல்லை.

1975 ஏப்ரல் 4 வேறு கதை. சைகோன் வீழ்ச்சிக்குச் சில வாரம் முன்பு, வியட்நாமின் அனாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சி-5 கிளம்பியது. மேலே போன சில நிமிடங்களில் பின்கதவு பிய்த்துக்கொண்டு போனது. சில பூட்டுகள் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தன. விமானிகள் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் திருப்பிக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். இருந்தவர்கள் 314 பேர், இறந்தவர்கள் 138. அதில் 78 குழந்தைகள். இந்த விபத்துக்கும் இறக்கைக்கும் சம்பந்தம் கிடையாது. கோபத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. போடக்கூடாது. அதைச் செய்தால் நானும் ரிப்போர்ட்டில் வார்த்தையை மாற்றுகிறவன்தான்.

இறக்கையின் கணக்கு தனியாக வந்தது. 30,000 மணி நேரம் பறக்க வேண்டிய விமானத்துக்கு அந்த இறக்கை ஏறத்தாழ அதில் கால்பங்குதான் தாங்கும் என்று தெரிந்தது. மீதமிருந்த 77 விமானங்களுக்கும் புது இறக்கை போட்டார்கள். 1987இல் வேலை முடிந்தது, செலவு 100 கோடி டாலருக்கு மேல். செய்தது யார்? லாக்ஹீட்தான். சுரண்டியவர்களே பூசிக்கொடுத்துக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

எஞ்சின் மாற்றிப் புதுப்பித்த 52 சி-5கள் இன்றும் இருக்கின்றன. யூடியூபில் ஒன்று கிளம்புவதைப் பார்த்தேன். அழகாகத்தான் ஏறுகிறது. நல்லபடியாக முடிந்ததே, பிறகென்ன என்று யாராவது கேட்கலாம். கடைசியில் எங்கள் சாஃப்ட்வேரும் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. நான்கு மாதம் பிடித்தது, முதலில் சொன்ன அதே நான்கு மாதம்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 2019இல் இறந்தார். அந்தச் செய்தியைத் தேடிப் படித்த இரவு, நைட் ஷிப்டுப் பையனின் நம்பரைத் தேடி எடுத்து ஒரு மெசேஜ் அனுப்பினேன். "தம்பி, அன்னைக்குத் தப்பு உன்மேல இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்" என்று.

நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.