எட்டுத் தோல்விகளின் முன்கதை: மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் 1976-77 பருவம்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி 1976-77 பருவத்தில் 80 ஆட்டங்கள் ஆடியது. வெற்றி 60, சமன் 12, தோல்வி 8. வெற்றிக்கு இரண்டு, சமனுக்கு ஒன்று என்ற கணக்கில் 132 புள்ளிகள். அடித்த கோல்கள் 387, வாங்கியவை 171. சொந்த அரங்கமான ஃபோரத்தில் நடந்த 40 லீக் ஆட்டங்களில் ஒன்றில்தான் தோற்றது. அது பாஸ்டன் புரூயின்ஸ் அணியிடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே லீகில், இதே 80 ஆட்டங்களில், புதிய அணியான வாஷிங்டன் கேப்பிடல்ஸ் 8 ஆட்டங்களில் வென்று 67இல் தோற்றிருந்தது.

இந்த இரண்டு எட்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் வாதம். மான்ட்ரியாலின் அந்தப் பருவத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பனித்தளத்தில் நடந்ததையே எழுதுகிறார்கள். கீ லஃப்ளரின் வேகம், லாரி ராபின்சனின் உடல்வலு, பயிற்சியாளர் ஸ்காட்டி போமனின் கண்டிப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அணி உருவான இடம் பனித்தளம் அல்ல. லீகின் விதிகள் மாறிய 1963க்கும் 1974க்கும் இடையில், விடுதி அறைகளிலும் தொலைபேசியிலும் நடந்த பேரங்களில்தான் அது உருவானது.

1963 வரை லீகில் இருந்த ஆறு அணிகளும் இளையோர் அணிகளுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தன. அங்கு ஆடும் பையன்கள் பதின்பருவத்திலேயே அந்தந்த அணிக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆனார்கள். 1946இல் மான்ட்ரியாலுக்கு வந்த பொது மேலாளர் பிராங்க் செல்கி இந்த வலையை மற்ற எவரையும்விட அகலமாக விரித்தார். 1976-77 அணியின் தற்காப்பு வீரர்களான செர்ஜ் சவாரும் கீ லாப்வான்டும் அந்தப் பழைய ஏற்பாட்டின் கடைசி விளைச்சல். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவே லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் 1963 ஜூனில் டிராஃப்ட் முறையைத் தொடங்கினார். எந்த அணிக்கும் கட்டுப்படாத இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் ஆண்டில் 21 பேர் மட்டுமே தேர்வானார்கள். அணிகளின் பழைய பிடிகள் முற்றாக விலகி, டிராஃப்ட் அனைவருக்கும் பொதுவானது 1969இல்தான்.

மான்ட்ரியாலுக்கு ஒரு தனிச்சலுகையும் இருந்தது: பிரெஞ்சு-கனடிய இளைஞர்களில் சிறந்த இருவரை மற்றவர்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். 1969இல் ரெஜான் ஊல், மார்க் டார்டிஃப் இருவரும் அப்படித்தான் வந்தார்கள். அத்துடன் சலுகை முடிந்தது. மறு ஆண்டு கியூபெக்கின் பெரும் நம்பிக்கையான ஜில்பெர் பெரோ, புதிதாகச் சேர்ந்த பஃபலோ அணிக்குப் போனார். மான்ட்ரியாலின் வெற்றியெல்லாம் இந்தச் சலுகையால் வந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். 1976-77 அணியை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. சலுகை வழியே வந்து அந்த அணியில் முக்கியமாக ஆடியவர் ஊல் ஒருவர்தான்.

சலுகை போன பிறகு வேலை செய்தது வேறொரு அறிவு. 1964இல் செல்கிக்குப் பின் பொது மேலாளரான சாம் பொல்லக், 1967இல் லீக் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். புதிய அணிகளுக்குக் கிடைத்தவர்கள் பழைய அணிகள் பாதுகாக்காமல் விட்ட வீரர்கள். அறிமுகமில்லாத ஊர்களில் அரங்கை நிரப்ப வேண்டுமானால், பெயர் தெரிந்த ஆட்டக்காரர் இன்றே வேண்டும். மூன்றாண்டு கழித்து வரப்போகும் டிராஃப்ட் வாய்ப்பு அவர்களுக்குக் கைக்கெட்டாத பண்டம். பொல்லக்கிடம் உபரி வீரர்கள் இருந்தார்கள், பொறுமையும் இருந்தது. நாற்றங்கால் வைத்திருப்பவன் விதைநெல்லை விற்பவனிடம் வாங்குவதைப்போல, இன்றைய வீரர்களைக் கொடுத்து நாளைய வாய்ப்புகளை வாங்கிச் சேர்த்தார். சமத்துவத்துக்காக வந்த விதி, அவர் கையில் வலியவரை மேலும் வலியவராக்கும் கருவி ஆயிற்று.

லஃப்ளர் வந்த கதை இதற்குப் புகழ்பெற்ற சான்று. 1970 மே மாதம் பொல்லக், தன் வீரர் எர்னி ஹிக்கியையும் தன் முதல் சுற்று வாய்ப்பையும் ஓக்லண்ட் சீல்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய 1971ஆம் ஆண்டு முதல் சுற்று வாய்ப்பையும் ஒரு தற்காப்பு வீரரையும் பெற்றார். கடைசி இடத்து அணிக்கே டிராஃப்டின் முதல் தேர்வு என்பதால், சீல்ஸ் கடைசி இடத்துக்குப் போனால் அந்தத் தேர்வு மான்ட்ரியாலுக்கு; அதில் வந்தவரே லஃப்ளர். இங்கே ஒரு கதை ஒட்டிக்கொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் சீல்ஸைவிடக் கீழே இறங்கிவிடாமலிருக்க, 1971 ஜனவரியில் தன் அணி வீரர் ரால்ஃப் பேக்ஸ்ட்ராமைப் பொல்லக் அங்கே அனுப்பினார் என்பது அது. ஆனால் பேக்ஸ்ட்ராமே இடமாற்றம் கேட்டுக்கொண்டிருந்தார். பருவ முடிவில் கிங்ஸ் 63 புள்ளி, சீல்ஸ் 45. சீல்ஸுக்கு அடுத்து மேலே இருந்தது கிங்ஸ்கூட அல்ல. 55 புள்ளியோடு டெட்ராய்ட். பதினெட்டுப் புள்ளி இடைவெளியை ஒரே ஆட்டக்காரர் உண்டாக்கினார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜனவரித் தந்திரத்தைவிட முந்தைய மே மாதப் பேரமே பெரிய காரியம்.

மற்ற வரவுகளும் இதே வகை. கோல் காப்பாளர் கென் டிரைடனை 1964இல் தேர்ந்தெடுத்தது பாஸ்டன். அதே மாதம் அவருடைய உரிமை மான்ட்ரியாலுக்குக் கைமாறியது. ஸ்டீவ் ஷட்டை 1972இல் நான்காவதாக எடுக்கப் பயன்பட்டது லாஸ் ஏஞ்சல்ஸின் வாய்ப்பு. டக் ஜார்விஸை எடுத்தது டொரான்டோ. அவர் அவர்களுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுமுன் 1975இல் மான்ட்ரியால் வாங்கிவிட்டது. 1974 முதல் சுற்றில் மட்டும் மான்ட்ரியாலிடம் ஐந்து வாய்ப்புகள் இருந்தன.

ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் தொடர்ந்து ஒரு நிமிடம் களத்தில் நிற்பதே அதிகம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணி அணியாக மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் மூன்றாவது, நான்காவது வரிசையும் வலுவாக இருந்தால் எதிரிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. போமனின் ஆட்டமுறை இந்த ஆழத்தின் மேல் எழுந்ததுதான். எதிரணியின் சிறந்த தாக்குதல் வரிசையை அடக்க முன்கள வீரர்களான பாப் கேய்னியும் ஜார்விஸும். அவர்கள் ஓய்ந்ததும் லஃப்ளர், ஷட். அந்த ஆண்டு ஷட் 60 கோல் அடித்தார். லஃப்ளர் 56 கோலும் 80 கோல் உதவியுமாக 136 புள்ளி எடுத்தார். தற்காப்பு வீரரான ராபின்சன் 85 புள்ளி. டிரைடனும் மற்றொரு கோல் காப்பாளரான லாரோக்கும் கோல்காப்புக்கான வெசினா கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இவர்கள் எல்லாரும் வந்த நாளிலேயே இப்படி ஆடியவர்கள் அல்லர். முதல் மூன்று பருவங்களில் லஃப்ளரின் கோல்கள் 29, 28, 21. ஏமாற்றம் என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். நான்காம் பருவத்தில் 53. ஷட் முதல் பருவத்தில் அடித்தது 8 கோல். ராபின்சன் ஹாலிஃபாக்ஸில் இருந்த துணை அணியான நோவா ஸ்கோஷியா வாயேஜர்ஸில் பழகித் தேறியவர். கடைசி இடத்தில் தத்தளிக்கும் அணியால் பதினெட்டு, இருபது வயதுக்காரனை இப்படி மூன்றாண்டு காத்து வளர்க்க முடியாது. அந்த அவகாசத்தைத்தான் மான்ட்ரியாலின் உண்மையான செல்வமாக நான் கருதுகிறேன். 1977இல் வாயேஜர்ஸும் தன் லீகின் கால்டர் கோப்பையை வென்றது.

பிளேஆஃப் சுற்றில் செயின்ட் லூயிஸ் அணியை 4-0 என்றும், இறுதியில் பாஸ்டனை 4-0 என்றும் மான்ட்ரியால் வென்றது. மே 14 அன்று பாஸ்டனில், கூடுதல் நேரத்தில் ழாக் லெமேர் அடித்த கோலோடு ஸ்டான்லி கோப்பை வந்தது. பதினான்கு ஆட்டங்களில் தோற்றது இரண்டு. இரண்டும் அரையிறுதியில் நியூயார்க் ஐலண்டர்ஸிடம். 1972இல்தான் தொடங்கிய அணி அது. அதன் பொது மேலாளர் பில் டோரி, 1973இன் முதல் வாய்ப்பைப் பொல்லக் பல வீரர்களைக் காட்டிக் கேட்டபோதும் கொடுக்க மறுத்தவர். அந்த வாய்ப்பில் அவர் எடுத்தது டெனிஸ் பாட்வினை. புதிய அணிகளில் விதைநெல்லை விற்க மறுத்தவரின் அணியே அந்த வசந்தத்தில் மான்ட்ரியாலைத் தோற்கடித்தது என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. 1979 வரை நான்கு ஆண்டுகள் மான்ட்ரியால் கோப்பையை வைத்திருந்தது. 1980 முதல் நான்கு ஆண்டுகள் ஐலண்டர்ஸ்.

மான்ட்ரியாலின் 132 புள்ளிகளை 2022-23இல் பாஸ்டன் 135 புள்ளிகளோடு தாண்டியது. அது 82 ஆட்டப் பருவம்; சமன் என்பதே ஒழிந்து, கூடுதல் நேரத் தோல்விக்கும் ஒரு புள்ளி தரும் காலம். அந்த பாஸ்டன் முதல் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம் வீழ்ந்தது.

அந்தப் பெரும் பருவம் தொடங்கவிருந்த 1976 செப்டம்பரிலும் பொல்லக் ஒரு பேரம் செய்தார். கன்சாஸ் சிட்டியிலிருந்து அப்போதுதான் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்திருந்த அணியிடமிருந்து 1980ஆம் ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பை வாங்கினார். கொலராடோ எதிர்பார்த்தபடியே தேறாமல் போக, அந்த வாய்ப்பு டிராஃப்டின் முதல் தேர்வாகவே வந்து சேர்ந்தது. 1978இல் பொல்லக்கும் 1979இல் போமனும் விலகிவிட்டிருந்தார்கள். 1980 ஜூனில் ஃபோரத்தில் ரசிகர்கள் முன்னிலையில் நடந்த டிராஃப்டில் மான்ட்ரியால் டக் விக்கன்ஹைசரைத் தேர்ந்தெடுத்தது. மான்ட்ரியால் நகரின் இளையோர் அணியிலேயே ஆடிவந்த டெனி சவாரை மூன்றாவதாக சிகாகோ எடுத்துக்கொண்டது.