கருங்கல்லும் மாக்கல்லும்: நெருப்புக்கு உகந்தது எது?

கொங்கு நாட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் வீட்டுக் கடைக்கால் முதல் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை கருங்கல்தான். சேலத்துப் பக்கம் மாக்கல்லைக் குடைந்து கல்சட்டி செய்கிறார்கள். இரண்டுமே சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் விறகில் எரியும் கணப்பைக் கட்ட எந்தக் கல்லை எடுப்பது?

கோவைச் சமவெளியில் இந்தக் கேள்வி எழாது; மலையேறினால் எழும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. ஆங்கிலேயர் காலத்துத் திறந்த கணப்புகளில் விறகுச் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. பின்லாந்துக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் விறகை வேகமாக எரித்து, புகையைக் கல்லுக்குள் மேலும் கீழுமாகச் சுற்றவிடுகிறார்கள். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் கல், தீ அணைந்த பிறகும் பல மணி நேரம் அறைக்குச் சூடு தருகிறது. இதற்குப் பேர்போனது அந்நாட்டின் கிழக்கே யூக்கா வட்டாரத்தில் வெட்டியெடுக்கும் மாக்கல்.

முதலில் சேமிப்பைப் பார்ப்போம். ஒரு கிலோ கருங்கல்லை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 0.79 கிலோஜூல் வேண்டும். மாக்கல்லுக்குச் சுமார் 0.98. ஒரு டன் கல் 50 டிகிரி ஆறும்போது கருங்கல் ஏறக்குறைய 11 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூட்டைத் தரும், மாக்கல் 13.6 யூனிட். மாக்கல்லே மேல் என்றாலும், கருங்கல்லைத் தள்ளிவிடும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

சூட்டைக் கடத்துவதில் இடைவெளி கூடுகிறது. பின்லாந்து மாக்கல், கருங்கல்லைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சூட்டை உள்ளே கொண்டுபோகும். தீ எரிவது கொஞ்ச நேரம்தான். அதற்குள் சூடு கல்லின் நடுவரை போய்ச் சேர வேண்டும். மெதுவாகக் கடத்தும் கல்லில் தீப்பக்கம் மட்டும் கொதிக்கும், பின்பக்கம் குளிர்ந்தே கிடக்கும்.

உண்மையான வேறுபாடு தாங்குதிறனில்தான். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிகிறது. அதற்குக் குறைந்த சூட்டிலேயே, பக்கத்துக் கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் உள்ளே வெடிப்பு தொடங்கிவிடும். இந்தக் குணத்தையே தொழிலாக்கியவர்களும் உண்டு: பெங்களூர்ப் பகுதிக் கல்லுடைப்பவர்கள் பாறைமேல் விறகு எரித்துக் கருங்கல்லை ஏடு ஏடாகப் பிரித்தார்கள். மாக்கல்லில் பெரும்பகுதி டால்க். நகத்தால் கீறினாலே தடம் விழும். அந்த மென்மையால் அது விரிவையும் சுருக்கத்தையும் தாங்கிக்கொள்கிறது.

மாக்கல் சூட்டை வைத்துக்கொள்வதையும் அதன் எல்லையையும் கல்சட்டி கண்ணெதிரே காட்டும். புளிக்குழம்பை இறக்கி வைத்த பிறகும் அடியிலிருந்து குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆனால் புதுச் சட்டியை யாரும் நேரே அடுப்பில் ஏற்றுவதில்லை. விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, சூடான வடிகஞ்சி ஊற்றிச் சில நாள் பழக்கி, பிறகே சிறுதீயில் வைக்கிறார்கள். மாக்கல்லும் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும் என்பதை நம் அடுக்களைகள் எப்போதோ கண்டுகொண்டன. புதுக் கணப்பையும் முதலில் சிறுதீயில்தான் பழக்க வேண்டும்.

ஆகவே இரண்டுக்கும் இடமுண்டு, ஆனால் ஒரே இடமல்ல. தணல் நேரே படும் இடத்தில் தீச்செங்கல், புகை சுற்றும் வழியில் மாக்கல், வெளிப்பீடத்துக்கும் அடித்தளத்துக்கும் கருங்கல் என்று அமைப்பதே சரி. சேலத்துக் கல்லெல்லாம் ஒரே தரமல்ல. குவாரிக்குக் குவாரி கனிமச் சேர்க்கை மாறும். துண்டுகளைப் பலமுறை சுட்டு ஆறவைத்து, விரிசல் விடாததையே தேர்ந்தெடுக்க வேண்டும். சூட்டை வீணாக்கும் கணப்புக்கு விறகும் அதிகம் வேண்டும்; அதற்காக வெட்டும் மரத்துக்கு மலைக்காடுதான் விலை கொடுக்கிறது. எனவே நீலகிரியில் ஒரு கணப்பைப் புதுப்பிக்கிறவர்கள் கல்லின் அழகைப் பார்க்கும் முன், அது நெருப்போடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கட்டும்.