4,294,967,297: ஒரு பேரெண்ணின் அமைப்பும் அதன் காரணிகளும்

ஒரு முழு எண் பகா எண்ணா, அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி அற்றதா, அல்லது பகு எண்ணா என்று துணிவது, எண் பெருகப் பெருகக் கடினமாகிறது என்பது பொதுவான கருத்து. 4,294,967,297 என்னும் எண்ணை ஆராய்ந்தால், அக்கடினத்தின் அளவு எண்ணின் பருமையைவிட அதன் அமைப்பு எந்த அளவு அறியப்பட்டுள்ளது என்பதையே பெரிதும் சார்ந்திருப்பது புலனாகும்.

இவ்வெண் 2³² + 1 ஆகும். அடுக்குக்குறியும் 2-இன் அடுக்காகவே அமையும் இத்தகைய எண்கள் ஃபெர்மா எண்கள் எனப்படுகின்றன. வரிசையின் முதல் ஐந்து எண்களான 3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்களாக இருப்பதால், வரிசை முழுவதும் அவ்வாறே அமையும் என 1640-இல் ஃபெர்மா கருதினார். ஆறாம் எண்ணாகிய 4,294,967,297 என்பது 641 × 6,700,417 என 1732-இல் ஆய்லர் காட்டியபோது அக்கருத்து பொய்த்தது.

அமைப்பு எதுவும் அறியாமல் காரணி தேடுபவர், இவ்வெண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள 6,542 பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க நேரலாம். ஆனால் ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்குமானால், அதனால் 2³²-ஐ வகுக்கையில் அப்பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த மீதியும், 2⁶⁴-ஐ வகுக்கையில் 1 என்னும் மீதியும் வரும். எனவே மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 64 ஆகிறது. பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்கும் மீதி 1 தரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றமாதலால், அந்த அடுக்கு 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். ஆகவே 193, 257, 449, 577, 641 என்ற வரிசையில் ஐந்தாம் முயற்சியிலேயே காரணி அகப்படுகிறது. 1878-இல் லூக்கா 64-இன் இடத்தில் 128-ஐ நிறுவியபின், 257-க்கு அடுத்ததாகவே 641 வந்துவிடுகிறது.

எஞ்சிய 6,700,417 பகா எண் என்பதையும் இதே வழியில் துணியலாம். அதன் வர்க்கமூலம் 2,589-ஐ எட்டாததாலும், அதன் காரணி எதுவும் மூல எண்ணின் காரணியே என்பதாலும், 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஐந்துமே மீதி தருகின்றன.

இந்நெறி ஃபெர்மாவுக்கும் எட்டாததன்று. அதே 1640-இல் 2³⁷ − 1 என்னும் எண்ணுக்கு 223 ஒரு காரணி என அவர் கண்டது, 74-இன் மடங்குடன் 1 கூட்டிய எண்களை மட்டும் தேடும் ஒத்த நெறியாலேயே ஆகும். ஆகவே அவரது கருத்து பிழைத்தமைக்குக் கருவியின்மை காரணமாகாது. கையிலிருந்த கருவி இவ்வெண்ணின்மீது பிழையறப் பயன்படாமையே காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

எனினும் அமைப்பறிவு எல்லா வினாவுக்கும் ஒரே அளவில் விடை தருவதில்லை. 2-இன் 2²⁰-ஆம் அடுக்குடன் 1 கூட்டிய, 315,653 இலக்கங்கள் கொண்ட ஃபெர்மா எண் பகு எண் என்பது, அவ்வெண்களுக்கே உரிய பெப்பான் சோதனையால் 1987-இல் நிறுவப்பட்டபோதும், அதன் காரணி ஒன்றுகூட அச்சோதனையால் வெளிப்படவில்லை. ஆகவே ஓர் எண்ணின் தன்மையைத் துணிவதும் அதன் காரணிகளைக் காண்பதும் வெவ்வேறு பணிகள். 4,294,967,297-இல் அமைப்பறிவு இரண்டையும் எளிதாக்கியது, பின்வந்த பேரெண்ணில் முதற்பணியை மட்டுமே முடித்தது.