சிலை காணாமப் போனதே யாருக்கும் தெரியல

இந்த வாரம் கொலை இல்ல, ரத்தம் இல்ல. ஆனா நம்ம ஷோவுல இதுவரைக்கும் சொன்ன கேஸ்ல என்னை ரொம்ப தொந்தரவு பண்ணின கேஸ் இதுதான்.

நான் சிதம்பரத்துல இன்ஜினியரிங் படிச்சவன். ஹாஸ்டல்ல கரண்ட் போனா மொட்டை மாடிக்குப் போயிடுவோம். ஆளுக்கொரு கதை சொல்லணும். பேய்க்கதை, கொலைக்கேஸ், ராஜா கதைன்னு எது வேணாலும் சொல்லலாம், ஆனா உண்மையா இருக்கணும். எங்க செட்ல ஒரு கடலூர்க்காரன் இருந்தான். அவன் ஒரு நாள் ஆரம்பிச்சது இப்படி: "மச்சி, தில்லை நடராஜரே ஒரு தடவை ஊரை விட்டு ஓடிட்டார், தெரியுமா?"

நாங்க சிரிச்சோம். ஆனா அது உண்மை.

1648 டிசம்பர். பீஜாப்பூர் படை செஞ்சிப் பக்கம் இறங்கியிருக்கு. அடுத்தது சிதம்பரமா இருக்கலாம்னு பயம். நடராஜரைக் கோயில்ல இருந்து எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில கொஞ்ச காலம், அதுக்கப்புறம் மதுரை. செஞ்சி மராத்தியர் கைக்கு வந்து நிலைமை அடங்கின பிறகு, 1686 நவம்பர்ல திரும்பி வந்தார்.

இதுக்கு ஊர்ல ஒரு கதையும் உண்டு. சிலையை ஒரு புளியமரப் பொந்துல ஒளிச்சு வச்சாங்களாம். வருஷங்கள் கழிச்சு தீட்சிதர்கள் தேடி வந்தப்போ, ஒரு ஆள் இன்னொருத்தன்கிட்ட "மாட்டை அம்பலப்புளியில கட்டு"ன்னு சொன்னது காதுல விழுந்து, இடம் தெரிஞ்சதாம். கதை அழகாதான் இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது கதை இல்ல, செப்பேடு. நடராஜர் ஊர்ல இல்லாத காலம் எவ்வளவுன்னு அதுல கணக்கு இருக்கு: 37 வருஷம், 10 மாசம், 20 நாள்.

"சுமார் நாற்பது வருஷம்"னு எழுதியிருக்கலாமே? எழுதல. நாள் கணக்குல வச்சிருக்காங்க. அதாவது, அவர் இல்லாத ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தருக்கு உறுத்தியிருக்கு. இந்த 20 நாளை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

இப்போ 21-ம் நூற்றாண்டுக்கு வருவோம். சிதம்பரத்துல பஸ் ஏறி மேற்கே போனா, அதே கடலூர் மாவட்டத்துல விருத்தாசலம். அங்க விருத்தகிரீஸ்வரர் கோயில்; ஊர்க்காரங்களுக்குப் பழமலைநாதர். செம்பியன் மாதேவி பேரோட சேர்த்துச் சொல்ற சோழர் காலக் கோயில். அதோட வெளிச்சுவர் மாடம் ஒண்ணுல ஒரு அர்த்தநாரீஸ்வரர் இருந்தார். பாதி சிவன், பாதி பார்வதி, பின்னாடி காளை. கல் சிலை.

2004-ல ஆஸ்திரேலியாவுல, சிட்னியில இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் ஒரு அர்த்தநாரீஸ்வரரை வாங்குது. விலை 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல. வித்தவர் சுபாஷ் கபூர். நியூயார்க், மேடிசன் அவென்யூவுல 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்'னு கேலரி வச்சிருந்தவர். உலகத்துல பெரிய பெரிய மியூசியம் எல்லாம் அவரோட கஸ்டமர்.

மியூசியம் சும்மா வாங்காது, பேப்பர் கேக்கும். கபூர் பேப்பர் கொடுத்தார். அதுல, இந்தச் சிலை 1970-லயே தில்லியில ஒரு கடையில வாங்கினதுன்னு இருந்தது. ஏன் 1970? இந்தியாவோட தொல்பொருள் சட்டம் 1972-ல வந்தது. திருட்டுக் கலைப்பொருளுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-ல. அந்தக் கோட்டுக்கு முன்னாடியே சிலை வெளியே வந்துடுச்சுன்னு காட்டினா, யாரும் அதிகமா நோண்ட மாட்டாங்க. நாங்க கோடுல பழைய தேதி போட்டு கமிட் பண்ற மாதிரிதான். பார்க்கிறவன் தேதியை மட்டும் பார்த்துட்டு 'அப்ரூவ்' கொடுத்துட்டுப் போயிடுவான்.

சரி, இங்க விருத்தாசலத்துல என்ன நடந்தது? ஒண்ணும் நடக்கல. அதுதான் கேஸே. மாடம் காலியா இல்ல. அதுல வேற ஒரு புது சிலை நின்னுது. பூஜை நடந்தது, பிரதோஷத்துக்குக் கூட்டம் வந்தது. பழைய சிலை போயிடுச்சுங்கிறதே வெளியே வரல.

மாட்டினது எப்படி? சிங்கப்பூர்ல ஒரு தமிழர், எஸ். விஜய்குமார். கப்பல் கம்பெனி வேலை. தொல்லியல் அதிகாரியும் இல்ல, போலீஸும் இல்ல. சிற்பங்களைப் பத்தி வலைப்பூ எழுதிட்டு இருந்தவர். அதைப் படிச்சுச் சேர்ந்த நண்பர்கள், ஊர் ஊரா கோயிலுக்குப் போய் எடுத்த படங்களைப் பகிர்ந்துக்கிட்டாங்க. இன்னொரு பக்கம் புதுச்சேரியில பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட். 1955-ல ஆரம்பிச்சது. அவங்க ஆளுங்க தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுத்திச் சுத்தி எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல இருக்கு. ஃபிலிம் ரோல் காலத்துல, மாடம் மாடமா எடுத்தது.

விருத்தாசலத்துல எடுத்த பழைய படத்தையும் சிட்னி சிலையோட படத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. கல்லுல உடைஞ்ச இடம், தேஞ்ச இடம் எல்லாம் கைரேகை மாதிரி. ரெண்டு சிலைக்கு ஒரே மாதிரி அமையாது. பொருந்திடுச்சு! 2013-ல செய்தி வெளியே வந்தது.

கபூர் அதுக்கு முன்னாடியே, 2011 அக்டோபர்ல ஜெர்மனியில ஃபிராங்ஃபர்ட் ஏர்போர்ட்ல கைதாயிருந்தார். 2012-ல சென்னைக்குக் கொண்டு வந்தாங்க. 2014 செப்டம்பர் 5, தில்லி. ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் ரெண்டு சிலைகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒண்ணு நம்ம அர்த்தநாரீஸ்வரர். இன்னொண்ணு அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜர், கான்பெராவுல இருக்கிற தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினது. 2022 நவம்பர்ல, சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு வழக்குல கும்பகோணம் கோர்ட் கபூருக்கு 10 வருஷம் கொடுத்தது.

ட்ரூ க்ரைம்னா இங்க முடிச்சிடலாம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைச்சாச்சு, பொருள் திரும்ப வந்தாச்சு. ஆனா எனக்கு அந்த 20 நாள் விடல.

1648-ல பஸ் இல்ல, போன் இல்ல. சாமி போனா என்னைக்குப் போனார், என்னைக்கு வந்தார்னு நாள் கணக்கு இருக்கு. நம்ம காலத்துல சிலை கண்டம் தாண்டிப் போயிருக்கு, நம்மகிட்ட தேதியே இல்ல. சிஸ்டம் பாஷையில சொன்னா, ஹேக் பண்ணினவன் திறமைசாலி இல்ல, நம்ம லாகிங் ஆஃப்ல இருந்தது. நம்மளைக் காப்பாத்தினது யாரோ ஒரு போட்டோகிராஃபர் எடுத்து வச்ச பேக்கப்.

இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்தக் கடலூர்க்காரனுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "உங்க ஊர் சிவன் கோயில்ல, சுத்தி வரும்போது மூணாவது மாடத்துல யாருடா இருக்கா?"

சின்ன வயசுல இருந்து சுத்தின பிரகாரம். அப்பா தோள்ல உட்கார்ந்து சுத்தியிருக்கேன். பதில் வரல. போனைத் திறந்து தேடினேன். அந்தக் கோயில்ல எடுத்தது மட்டும் முப்பது நாற்பது படம் இருக்கு. எல்லாத்துலயும் நான் இருக்கேன், தங்கச்சி இருக்கா, சித்தி இருக்காங்க. பின்னாடி சுவர் மங்கலா தெரியுது. ஒரு படத்துல என் தலை சரியா ஒரு மாடத்தை மறைச்சிட்டு நிக்குது. அதுக்குள்ள யாரோ இருக்காங்க. ஒரு கை மட்டும் தெரியுது.

அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "எதுக்குடா திடீர்னு? இரு, சாயங்காலம் போவேன்ல, பார்த்துட்டு வந்து சொல்றேன்"னாங்க. ராத்திரி வாட்ஸ்அப்ல ஆறு படம் வந்தது. எல்லாம் கொஞ்சம் சாய்ஞ்சு, ஒண்ணுல விரல் விழுந்து, ஆனா மாடம் மாடமா. ஒவ்வொரு படத்துக்கும் கீழ, அம்மா கேட்காமலே தேதியும் போட்டிருந்தாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. அதுக்குள்ள உங்க ஊர்ப் பக்கம் போனா, செல்ஃபி எடுத்து முடிச்சதும் ஒரு அடி நகர்ந்து நின்னு, பின்னாடி இருக்கிறவரையும் ஒரு படம் எடுத்துட்டு வாங்க.