துழாயும் திருநீற்றுப்பச்சையும்

திருக்காட்டுப்பள்ளியில் சிவன் அக்னீஸ்வரர், கல்லணைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கோவிலடியில் பெருமாள் அப்பக்குடத்தான். செடிகளுக்கும் இப்படி ஒரு பங்கீடு உண்டு. பெருமாளுக்குத் துளசி. அதன் உடன்பிறப்பான இன்னொரு செடிக்கோ திருநீற்றுப்பச்சை, உருத்திரச்சடை என்று சைவப் பெயர்கள். சர்பத்தில் ஊறும் சப்ஜா விதை அதனுடையதுதான்.

துளசியின் பழைய பெயர் துழாய். பரிபாடலிலேயே திருமாலோடு வருகிறது. ஆழ்வார்கள் அதை விடவே இல்லை. துளவு, துளவம் என்ற வடிவங்களும் உண்டு. துளசி என்றால் 'ஒப்பில்லாதது' என்று வடமொழி வழியில் சொல்வார்கள். செடிக்குப் பெருமை சேர்ந்த பிறகு கட்டிய பொருளாகவே அது எனக்குப் படுகிறது.

தாவரவியலாளர் லின்னேயஸும் துளசிக்கு இருமுறை பெயர் வைத்தார். 1753-இல் 'மெல்லிய பூவுடையது' என்று ஓசிமம் டெனுய்ஃப்ளோரம். 1767-இல் 'புனிதமானது' என்று ஓசிமம் சாங்டம். முந்தியதே செல்லும் என்பது தாவரவியல் விதி. ஆனால் மருந்துப் புட்டிகளில் இன்னும் சாங்டம்தான்.

இரண்டு செடிகளின் இலையையும் கசக்கினால் உறவு தெரியும். துளசியில் தூக்கலாக இருப்பது பெரும்பாலும் யூஜினால்; கிராம்பு மணப்பதும் அதனால்தான். நம் பக்கத்துத் திருநீற்றுப்பச்சையில் சோம்பு வாசனை தரும் மீதைல் சாவிகால் மிகுதி. இரண்டையும் பினைல்அலனைன் என்னும் ஒரே அமினோ அமிலத்திலிருந்துதான் செடி செய்கிறது. இலைமேல் இருக்கும் நுண்சுரப்பிகளில் சேர்த்து வைக்கிறது. சாமி வேறானாலும் சமையல் ஒன்று.

வாசனையை மட்டும் நம்பி இனம் பிரிக்கவும் முடியாது. ஒரே திருநீற்றுப்பச்சை இனத்தில் ஒரு செடி லினலூல் என்னும் வேறொரு மணப்பொருளையும் இன்னொன்று மீதைல் சாவிகாலையும் மிகுதியாகச் சுரக்கும். தோற்றத்தால் பிரித்த வகைகளோடு இந்த எண்ணெய் வகைகள் பொருந்தவில்லை என்பதை லண்டன் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 1996-இல் காட்டினார்கள். 

நம்மூர்ப் பெயர்கள் பலவும் மூக்கு வைத்தவை. எலுமிச்சந்துளசியில் இருப்பது எலுமிச்சை மணக்கும் சிட்ரால். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கற்பூரத்துளசியில் உண்மையாகவே கற்பூரம். துளசியின் தூரத்து உறவான கற்பூரவல்லியில்தான் பெயர் தடுமாறுகிறது: அதில் மிகுந்திருப்பவை கார்வக்ராலும் தைமாலும். தைமால் ஓமத்தின் வாசனை. அதே செடியை ஓமவல்லி என்றும் சொல்வார்கள். அப்படி அழைத்தவருக்கு நல்ல மூக்கு.